பம்பாயின் பழைய மனையும் அதில் குடியிருந்தோரும்

வீட்டைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உண்டு. இல், மனை, அகம், குடி, குடில், மாடம், மாளிகை என அவை நீளும். இவற்றுள் 'குடி' என்னும் சொல் தனிச் சிறப்புடையது. வாழும் இடத்துக்கும் அதுவே பெயர். அங்கு வாழும் குடும்பத்துக்கும் அதுவே பெயர். பிறர் இடத்தில் தங்கியிருப்பதற்காக மாதந்தோறும் கொடுக்கும் பணத்துக்குக் 'குடிக்கூலி' என்று நம் முன்னோர் பெயரிட்டனர். மும்பையில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடைசிச் சொல்லின் பொருளை விளக்கிக் கூற வேண்டியதில்லை. மாதுங்காவின் பழைய கட்டடங்களிலும், தாராவியின் சந்துகளிலும், செம்பூரின் குடியிருப்புகளிலும், ஆண்டாப்ஹில்லில் உள்ள மத்திய அரசுக் குடியிருப்புகளிலும் நம்மவர் பலர் வாழ்ந்ததும் வாழ்வதும் பிறர் மனையில்தான். "இது நம் வீடா?" என்று குழந்தைகள் கேட்கும்போது சற்றே தயங்கித்தான் விடை கூறுகிறோம்.

இத்தயக்கம் நமக்கு மட்டும் உரியதா? இந்நகரின் முதற் பெருமனையின் வரலாற்றைப் பார்த்தால் அவ்வாறு தோன்றவில்லை. அம்மனையின் சிதைவுகள் இன்றும் மும்பைத் துறைமுகத்தின் கரையில் உள்ளன. நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட அதன் கதையில் வந்து போனோர் ஒன்று குத்தகைதாரர், இல்லையேல் மேலிடத்தின் பணியாளர். அக்கதையை இம்மலரின் வாயிலாக நம் மக்கள்முன் வைக்க விழைகிறோம்.

தீவும் குத்தகையும்

பம்பாய் அக்காலத்தில் நகரமன்று. ஏழு தீவுகளில் சிதறிக் கிடந்த சிற்றூர்களின் தொகுதி. கோலி மீனவர்கள் கடலை நம்பி வாழ்ந்தனர். தென்னந்தோப்புகளும் நெல்வயல்களும் உப்பளங்களும் இருந்தன. சயான், வடாலா, பரேல், வொர்லி, மஸ்காவ், மாஹிம் என நாம் இன்று இரயில் நிலையங்களாகவும் பேருந்து நிறுத்தங்களாகவும் அறிந்தவை அன்று வயலும் தோப்பும் சூழ்ந்த ஊர்கள்.

1534 டிசம்பரில் குஜராத் சுல்தான் பகதூர் ஷா, வசை என்னும் துறைமுகத்தையும் அதனைச் சார்ந்த பகுதிகளையும் போர்த்துக்கீசியருக்கு விட்டுக்கொடுத்தார். பம்பாய்த் தீவுகளும் அவற்றோடு கைமாறின. புதிய ஆட்சியாளர் தாமே வந்து உழவில்லை. தீவுகளைத் தம்மவர்க்குக் குத்தகைக்கு விட்டனர். 1554ஆம் ஆண்டைச் சேர்ந்த போர்த்துக்கீசிய வருவாய் ஏடு ஒன்று பம்பாய்த் தீவின் ஆண்டுக் குத்தகையை 1,432½ பர்தாவோ எனக் குறிக்கிறது. அந்த அரைக் காசையும் விடாமல் எழுதிவைத்த கணக்கரை, அவர் வழித்தொழிலைச் செய்யும் எம் போன்ற எழுத்தர்கள் வணங்காமல் இருக்க முடியாது.

இங்கு நம் நாட்டு வழக்கம் ஒன்றை நினைவுகூரலாம். உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகள் ஊர்ச்சபைத் தேர்தலின் விதிகளைக் கூறுகின்றன. வாரியத்துக்குக் குடவோலையில் பெயர் எழுதப்படுவோர் வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், தம் சொந்த மனையில் வீடு கட்டி வாழ்பவராகவும் இருத்தல் வேண்டும். உத்தரமேரூர் விதியைப் பம்பாயில் நடைமுறைப்படுத்தியிருந்தால், இத்தீவின் தலைவர்களுள் ஒருவர் பெயரையும் குடத்தில் இட்டிருக்க முடியாது!

மருத்துவரும் மாமரமும்

அவ்வாறு தீவைக் குத்தகைக்கு எடுத்தவர்களுள் புகழ்பெற்றவர் கார்சியா த ஓர்த்தா. போர்த்துக்கல்லில் பிறந்து, ஸ்பெயினில் மருத்துவம் பயின்று, 1534இல் இந்தியா வந்தவர். இவருடைய பெற்றோர் யூதர். 1492இல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு, போர்த்துக்கல்லில் கட்டாய மதமாற்றத்துக்கு ஆளானவர்கள். ஓர்த்தா கோவாவில் தொழில் நடத்தினார். அகமதுநகர் அரசர் புர்ஹான் நிஜாம் ஷாவுக்கும் மருத்துவம் பார்த்தார். 1554ஐ ஒட்டிப் பம்பாய்த் தீவு அவருக்குக் குத்தகையாகக் கிடைத்தது. துறைமுகத்தை நோக்கி நின்ற பெருமனையைக் கட்டியவர் அவரே எனப் பொதுவாகக் கருதுகின்றனர்.

1563இல் கோவாவில் அச்சான ஓர்த்தாவின் நூல், இந்திய மூலிகைகளையும் மருந்துகளையும் பற்றிய உரையாடல்களாக அமைந்தது. கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சேறியது 1578இல். அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே வெளிவந்த நூல் இது. அதில் ஓர்த்தா தம் பம்பாய் மாமரம் ஒன்றைப் பெருமையுடன் குறிப்பிடுகிறார். அது ஆண்டுக்கு இருமுறை காய்க்குமாம்; ஒருமுறை மே மாத முடிவில், மற்றொருமுறை கிறிஸ்துமஸ் காலத்தில். குத்தகை நிலத்து மரத்தைக் குறித்து இத்தனைப் பெருமிதம்!

நமக்கு இதனினும் சுவையான செய்தி அந்நூலின் சொற்களில் உள்ளது. அவர் மாம்பழத்தை 'மாங்கா' என்கிறார். கயிற்றுநாரைக் 'கைரோ' என்கிறார். வெற்றிலைக்கு அவர் வழங்கும் 'பெத்ரே' என்னும் சொல்லும் மலபார்க் கரையிலிருந்து பெற்றது. மலபாரில் பொதுமக்கள் 'பாக்' எனக் கூறுவதையும் எழுதிவைத்துள்ளார். அது நம் பாக்கே. இவை தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுவான சொற்கள். தமிழர் இரயிலேறித் தாதருக்கும் சயானுக்கும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, தமிழின் சுற்றத்துச் சொற்கள் இத்தீவின் தலைவர் நாவில் குடியேறிவிட்டன.

ஓர்த்தாவின் முடிவு துயரமானது. 1568இல் அவர் இறந்தார். மறு ஆண்டில் அவருடைய தங்கை கத்தரீனாவை, மறைவில் யூத சமயத்தைப் பின்பற்றியதாகக் குற்றஞ்சாட்டிக் கோவாவின் சமய விசாரணை மன்றம் எரித்தது. 1580இல் ஓர்த்தாவின் எலும்புகளையும் தோண்டி எடுத்து எரித்தனர். தீவுக்கே தலைவராயிருந்தவருக்கு ஆறடி மண்ணும் நிலைக்கவில்லை.

மனையின் அமைப்பு

அம்மனை எவ்வாறு இருந்தது? 1626இல் அதனை நேரிற் கண்ட ஆங்கிலக் கடலோடி ஒருவரின் குறிப்பு, அது பண்டகசாலையாகவும் துறவியர் மடமாகவும் கோட்டையாகவும் ஒருங்கே பயன்பட்ட பெரிய வீடு எனத் தெரிவிக்கிறது. ஒரு கூரையின்கீழ் வணிகமும் வழிபாடும் படையும் இருந்தன. அதுவே போர்த்துக்கீசிய ஆட்சியின் முழு வடிவம் எனலாம்.

இவ்வகை வீடுகளின் கட்டுமானத்தைக் காண விரும்புவோர் வசைக் கோட்டைக்குச் செல்லலாம். இடிந்த நிலையிலும் அங்குள்ள சுவர்கள் பலவற்றைச் சொல்கின்றன. கருங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டு எழுப்பிய தடித்த சுவர்கள், வாயிலுக்கும் சாளரத்துக்கும் செதுக்கிய கல்லால் அமைந்த நிலைகள், வளைவுகள். கூரையின் மரம் எப்போதோ மறைந்துவிட்டது. கல் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கிறது.

ஊரின் பிற வீடுகள் எப்படியிருந்தன என்பதை 1673இல் பம்பாய்க்கு வந்த ஜான் ஃபிரையர் என்னும் ஆங்கில மருத்துவர் எழுதியுள்ளார். ஊர் ஏறத்தாழ ஒரு மைல் நீளம். வீடுகள் தாழ்ந்தவை, தென்னை 'ஓலா' வேய்ந்தவை. ஆம், ஓலை என்னும் நம் சொல்லையே அவர் எழுதியிருக்கிறார். போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சில வீடுகளும் கம்பெனியின் கட்டடங்களுமே ஓடும் சாந்தும் கண்டவை. சாளரங்களில் கண்ணாடிக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் சிப்பித் தகடுகளைப் பதித்திருந்தனர்.

ஓலைக் குடில்களின் நடுவே சுண்ணம் பூசிய கல்மனை என்றால் அக்காலத்தில் அதன் பொருள் வெறும் செல்வம் அன்று. அது அதிகாரத்தின் அடையாளம். நம் நாட்டிலும் நிலை இதுவே. கருவூர்க் கோயிலில் உள்ள கல்வெட்டு ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர்க்கு அரசன் அளித்த சலுகைகளைப் பட்டியலிடுகிறது. நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம். வெளியே செல்கையில் செருப்பு அணியலாம். வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசலாம். பிறருக்கெல்லாம் மாளிகை எழுப்பிய கைகள், தம் வீட்டுச் சுவரில் சாந்து பூச அரசாணைக்குக் காத்திருந்தன! இடைக்காலச் சிற்றூர்களில் எளியோர் வீடு ஒன்றும் எஞ்சாமற் போனதற்கு மழையும் கறையானும் மட்டுமே காரணம் அல்ல.

ஒரு வேறுபாட்டையும் சுட்ட வேண்டும். நம் ஊர் வீடுகளில் தெருவை நோக்கி இருப்பது திண்ணை. வழிப்போக்கர் பெயர் சொல்லாமலே அதில் படுத்து எழலாம். பம்பாய் மனையில் கடலை நோக்கி இருந்தவை நான்கு பித்தளைப் பீரங்கிகள்.

தீயும் சீதனமும்

1626 அக்டோபரில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கூட்டாகப் படகிறங்கி, ஊரையும் பெருமனையையும் கொளுத்திச் சென்றனர். மனை மீண்டும் செப்பனிடப்பட்டது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதில் இருந்தவர் தோனா இக்னெஸ் த மிராண்டா என்னும் கைம்பெண். 'தீவின் தலைவி' என அவரை அழைத்தனர்.

1661இல் போர்த்துக்கல் இளவரசி கத்தரீனாவுக்கும் இங்கிலாந்து அரசர் இரண்டாம் சார்லசுக்கும் மணஉடன்பாடு ஆயிற்று. சீதனத்தின் ஒரு பகுதியாகப் பம்பாய் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு பொறுப்பேற்க வந்த ஆபிரகாம் ஷிப்மனுக்குப் போர்த்துக்கீசிய அதிகாரிகள் தீவைத் தர மறுத்தனர். ஆவணங்கள் சரியில்லை என்றனர். கோவாவுக்குத் தெற்கே அஞ்சதீவில் அவருடைய படை காத்துக் கிடந்தது. நோய் வந்து பெரும்பாலோர் மாண்டனர். 1664இல் ஷிப்மனும் மாண்டார். முறைப்படி தாள் வராததால் உயிர்கள் போன கதைகளுள் இது பழையது.

முடிவில் 1665 பிப்ரவரி 18ஆம் நாள், ஷிப்மனின் செயலராயிருந்த ஹம்ஃப்ரி குக் தீவை ஏற்றார். சடங்கு நிகழ்ந்தது தோனா இக்னெஸின் மனையில். குக் நிலத்தில் நடந்தார். மண்ணையும் கல்லையும் கையில் எடுத்தார். கொத்தளத்தில் ஏறி உலாவினார். அவ்வாறே பத்திரம் எழுதப்பட்டது. சோழர் செப்பேடுகளை அறிந்தோர்க்கு இது புதிதன்று. அங்கும் ஊரைத் தானமாகக் கொடுக்கையில் பெண்யானையை எல்லையைச் சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டுவர். பிறகு ஓலை எழுதுவர். மண்ணைத் தொட்டால்தான் மண் கைமாறும் என்பது உலகப் பொதுநம்பிக்கை போலும். நம் அலுவலகங்களில் இன்று இதனைப் பொறுப்பு ஒப்படைப்புப் படிவம் ஒன்றில் முடித்துவிடுகிறோம்!

இங்கிலாந்து அரசருக்கும் தீவு சுமையாயிற்று. 1668 மார்ச் 27ஆம் நாள் அவர் அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அளித்தார். கம்பெனி ஆண்டுதோறும் செப்டம்பர் 30ஆம் நாள் பத்துப் பவுன் தங்கம் செலுத்த வேண்டும். ஆக, உலகின் பெருவணிக நிறுவனமும் பம்பாயில் குடிக்கூலிக்காரனே.

தோட்டம் கொத்தளமானது

அம்மனையைச் சூழ்ந்து அழகிய தோட்டம் ஒன்று இருந்தது. இந்தியாவிலேயே இனிமையானது எனப் பெயர்பெற்ற தோட்டம் என ஃபிரையர் வியக்கிறார். அவர் வந்தபோதே அது அழிந்துகொண்டிருந்தது. மலபார்க் கடற்கொள்ளையரையும் பிற பகைவரையும் அஞ்சிய கம்பெனி, தோட்டத்தைக் கிளறிக் கொத்தளம் எழுப்பியது. மனை கோட்டையின் வயிற்றுக்குள் அடங்கிற்று. அன்று முதல் அதற்குப் 'பம்பாய்க் கோட்டை' எனப் பெயர்.

அதன்பின் வரலாறு விரைந்து செல்கிறது. 1683 இறுதியில் கேப்டன் கெய்க்வின் என்பவர் கம்பெனிக்கு எதிராகக் கிளர்ந்து ஏறத்தாழ ஓராண்டு இங்கிருந்து ஆண்டார். 1687இல் கம்பெனியின் மேற்குக்கரைத் தலைமையிடம் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்தது. 1689இல் ஜஞ்சிராவின் சித்தி யாகூத்கான் மஸ்காவையும் மாஹிமையும் கைப்பற்றிக் கோட்டையை முற்றுகையிட்டார். ஔரங்கசீப்பிடம் மன்னிப்பு வேண்டி, ஒன்றரை இலட்சம் ரூபாய் தண்டம் செலுத்திய பின்னரே கம்பெனிக்கு விடுதலை கிட்டியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆளுநர்கள் வேறு மாளிகைகளுக்குப் பெயர்ந்தனர். பரேல் மாளிகை அவற்றுள் ஒன்று. பழைய மனை ஆயுதச்சாலையின் பகுதியாயிற்று. 1860களில் ஆளுநர் பார்ட்டில் ஃபிரேரின் ஆணையால் நகரைச் சூழ்ந்த மதில்கள் இடிக்கப்பட்டன. ஆயினும் துறைமுகக் கரையிலிருந்த கோட்டைப் பகுதி படையின் கையில் இருந்ததால் தப்பியது.

இன்று டவுன் ஹால் எனப்படும் ஆசியக் கழக நூலகக் கட்டடத்தின் பின்புறம், இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். ஆங்ரே' தளத்துக்குள் அந்த எச்சங்கள் உள்ளன. மதிலின் சில பகுதிகள், போர்த்துக்கீசியக் கோலத்தில் உருளையைத் தாங்கிய மனித உருவங்கள் செதுக்கிய பழைய வாயில், கல்லில் அமைந்த ஒரு சூரிய கடிகாரம் ஆகியவற்றைக் காணலாம். படைத்தளம் ஆதலால் இசைவு பெற்றே உள்ளே செல்ல இயலும். கம்பெனியின் கப்பல்களைக் கலங்கடித்த மராத்தியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கரேயின் பெயரை 1951இல் இத்தளத்துக்குச் சூட்டினர். ஆங்கிலேயன் கட்டிய சுவருக்குள்ளேயே அவர் பெயர் நிலைபெற்றது.

நமக்கும் இம்மனைக்கும் உள்ள உறவு

ஆளுநர் நீங்கிய பரேல் மாளிகையில்தான் 1899 முதல் பிளேக் நோய் ஆராய்ச்சிக்கூடம் இயங்கிற்று. இன்றைய ஹாஃப்கின் நிறுவனம் அதுவே. 1896இல் நகரைத் தாக்கிய அந்தப் பிளேக்கின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றியது. நெரிசலான பகுதிகளுக்கு மாற்றாக அது திட்டமிட்டு அமைத்த புறநகர்களே தாதரும் மாதுங்காவும். அகன்ற சாலைகளும் மர நிழலும் கொண்ட அவ்வீடுகளில்தான் தென்னாட்டு எழுத்தர்களும் கணக்கர்களும் குடியேறினர். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றும் அளவுக்குக் குடும்பங்கள் பெருகின. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோர் தாராவிச் சதுப்பில் தாமே மண் கொட்டி நிலமாக்கிக் குடில் அமைத்தனர். எழுத்தர் வாடகைச் சீட்டு வைத்திருந்தார்; தொழிலாளிக்கு அதுவும் இல்லை. இந்த வேறுபாட்டை நம் விழா மேடைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன.

1966ஐ ஒட்டிய ஆண்டுகளில், தென்னிந்தியர் இந்நகருக்கு அன்னியர் என எழுந்த கூச்சலை நம் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அன்று நம்மவர் பலரிடம் விடை இல்லை. 'ஊரில் எங்களுக்கு வீடு உண்டு' என மனத்துக்குள் சொல்லிக்கொண்டனர். இன்று அந்த ஊர் வீடுகளுள் பல பூட்டிக் கிடக்கின்றன. முற்றத்தில் எருக்கு முளைத்துள்ளது. இங்கோ பழைய வாடகைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாய் இடிபட்டு அடுக்குமாடிகள் எழுகின்றன. தாராவியின் மறுகட்டுமானத்தில், 2000 ஜனவரி முதல் நாளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்ததைத் தாளால் மெய்ப்பிக்க இயலுமா என்பதைப் பொறுத்துப் பல குடும்பங்களின் வருங்காலம் அமைகிறது. ஷிப்மனின் படையைப் போலவே, தாளுக்காகக் காத்திருப்போர் இன்றும் உள்ளனர்.

பழைய மனையின் வரலாறு இதற்கு ஒரு விடை தருகிறது எனக் கருதுகிறோம். கோலி மீனவர் நீங்கலாக, இந்நகரைத் தமது என்று கூறிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு காலத்தில் கப்பலிலோ வண்டியிலோ வந்திறங்கியவரே. ஓர்த்தாவின் குத்தகை முடிந்தது. தோனா இக்னெஸின் தலைமை முடிந்தது. கம்பெனியின் பத்துப் பவுனும் முடிந்தது. அவர்கள் எவ்வளவு காலம் 'உரிமையாளராக' இருந்தனர் என்பதை இன்று யாரும் கேட்பதில்லை. மாமரம் வைத்தார், நூல் எழுதினார் என்பதைத்தான் கேட்கிறோம். தாராவியில் சதுப்பை நிலமாக்கிய குடும்பத்துக்கும், மாதுங்காவில் பள்ளி எழுப்பிய தலைமுறைக்கும் இந்நகரின்மேல் உள்ள உரிமை அதனினும் குறைந்ததன்று.

ஆயினும் ஓர்த்தாவின் மரத்தை நாம் அறிவது அவர் எழுதிவைத்ததால். மனை கைமாறிய நாளை அறிவது பத்திரம் இருப்பதால். ஓலைக் குடில்களில் வாழ்ந்தோரின் பெயர்கள் எழுதப்படவில்லை; எனவே அவர்களை நாம் அறியோம். ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டின் பழைய வாடகைச் சீட்டுகளையும், குடும்ப அட்டைகளையும், வாயிலில் நின்று எடுத்த படங்களையும் எறிந்துவிடாதீர்கள். எந்த ஆண்டில் யார் வந்தார், எந்த அறையில் எத்தனை பேர் இருந்தனர், மாதக் குடிக்கூலி எவ்வளவு என்பதைப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். சீட்டு இல்லாத குடும்பங்களுக்கு அவற்றைத் தேடித்தர, எழுதப் படிக்கத் தெரிந்த நம்மவர் வாரத்தில் ஒரு மாலையேனும் ஒதுக்குங்கள். விடுமுறையில் பிள்ளைகளை வசைக்கு அழைத்துச் சென்று அந்தக் கற்சுவர்களைக் காட்டுங்கள். திரும்பி வந்தபின் அவர்கள் "இது நம் வீடா?" என்று கேட்டால், இங்கு வாழ்ந்தவர்களின் பெயர்கள் எழுதிய அந்தக் குறிப்பேட்டை அவர்கள் கையில் கொடுங்கள்.